சோதனைக்கு முந்தின ஒரு மணி நேரம்: புது விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நானம் எடுத்து இரண்டு மூன்று வாரம் எல்லாம் நன்றாகத்தான் போகும். அதிகாலையில் தானாக விழிப்பு வரும். வேதம் படிக்கப் படிக்க இனிக்கும். பழைய கூட்டாளிகள் கூப்பிட்டாலும் மனம் போகாது. அப்புறம் ஒரு நாள் பழைய ஆசை அதே முகத்தோடு வந்து நிற்கும், சில சமயம் முன்னைவிடப் பலமாக. "நான் இரட்சிக்கப்பட்டதே பொய்யோ" என்று பயந்து சபைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருந்து, ஏதோ ஒரு கன்வென்ஷனில் மனம் உடைந்து, இப்போதுதான் உண்மையாக வாழ வேண்டும் என்று தீர்மானித்தவர்களுக்கும் இதே கதைதான்.

மத்தேயு எழுதின வரிசையைப் பாருங்கள். மூன்றாம் அதிகாரம் யோர்தானில், இயேசுவின் ஞானஸ்நானத்தோடும் வானத்திலிருந்து வந்த சத்தத்தோடும் முடிகிறது. நான்காம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே அவர் வனாந்தரத்தில் சோதிக்கப்படப் போகிறார். ஆகவே சோதனை வந்துவிட்டது என்பதாலேயே நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை. "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற" ஆசாரியர் நமக்கு இருக்கிறார் என்கிறது எபிரெயர் 4:15. மனதில் ஒரு எண்ணம் தட்டுவது வேறு, அதைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது வேறு. இந்த வித்தியாசம் புரியாமல் ஒவ்வொரு எண்ணத்துக்கும் அழுதுகொண்டிருந்தால் ஒரே மாதத்தில் களைத்துப்போவீர்கள்.

சபையில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் சோதனை வந்த நிமிஷத்தைப் பற்றியது: எதிர்த்து நில், ஜெபம் பண்ணு. சரிதான், ஆனால் அந்த நிமிஷத்தில் நம் கையில் மிச்சமிருக்கிற பலம் ரொம்பக் கொஞ்சம். பல விழுகைகள் அதற்கு ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்த முந்தின நேரத்தைப் பற்றித்தான்.

முதலில், எப்போது வருகிறது என்று எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். இரண்டு வாரத்துக்கு, சோதனை வந்தபோதெல்லாம் நான்கு விஷயங்களைக் குறித்துவையுங்கள்: மணி என்ன, எங்கே இருந்தீர்கள், உடன் யார், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. பாவத்தின் பெயரை எழுத வேண்டாம், ஒரு புள்ளி வைத்தால் போதும். யார் கையிலாவது நோட்டு கிடைத்துவிடுமோ என்ற பயத்திலேயே பலர் இதைச் செய்வதில்லை.

ஒரு வாலிபரை எடுத்துக்கொள்வோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பார்க்கக் கூடாததை மொபைலில் பார்க்கிறார், காலையில் அழுகிறார். இரண்டு வாரக் குறிப்பைப் பின்னோக்கிப் படித்தால் என்ன தெரிகிறது? பன்னிரண்டு மணிக்கு முன்னால் பதினொன்றரைக்கு ரீல்ஸ். அதற்கு முன்னால், தூக்கம் வராததால் சும்மா மொபைலை எடுத்தது. அதற்கு முன்னால் இரவுச் சாப்பாட்டை அறைக்குக் கொண்டுபோய்த் தனியாகச் சாப்பிட்டது. அதற்கும் முன்னால், ஆறு மணிக்கு அலுவலகத்தில் மேலதிகாரியிடம் எல்லோர் முன்னிலையிலும் வாங்கிய திட்டு. புள்ளி விழுந்த நாட்களில் பாதிக்கு மேல் திட்டு விழுந்த நாட்கள்! அவர் இதுவரை ஜெபம் பண்ணியது பன்னிரண்டு மணிக்காக. ஜெபம் தேவைப்பட்டது ஆறு மணிக்கு.

தாவீதின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலத்தில் அவன் எருசலேமில் இருந்துவிட்டான். சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகையின்மேல் உலாவினான். பத்சேபாளைப் பார்த்தது அதற்கு அப்புறம்தான் (2 சாமுவேல் 11). இன்னொரு பக்கம் எலியாவைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்டவனுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான் (1 இராஜாக்கள் 19). பசியும் தூக்கமின்மையும் உங்கள் நோட்டில் அடிக்கடி வந்தால், அவசரமான ஆவிக்குரிய காரியம் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குவதுதான்.

எல்லாவற்றையும் பிசாசின் தலையில் போடும் பழக்கம் நம் சபைகளில் கொஞ்சம் அதிகம். யாக்கோபு வேறு மாதிரி எழுதுகிறார்: "அவனவன் தன்தன் சுயஇச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்" (1:14). அடுத்தவருக்குச் சும்மா கடந்துபோகும் விஷயம் உங்களைப் பிடித்து இழுக்கும். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், மனிதனைத் தாக்கும் எண்ணங்களை எட்டாகப் பிரித்தார்: போஜனப்பிரியம், காமம், பண ஆசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, அகந்தை. பிற்காலத்தில் மேற்குத் திருச்சபையில் ஏழு தலையான பாவங்கள் என்று சொல்லப்பட்டதற்கு இந்தப் பட்டியல்தான் அடிப்படை. துக்கமும் சலிப்பும் இதில் இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் புள்ளிகள் இந்த எட்டில் எதன்மேல் கூடுகின்றன என்று பாருங்கள். ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

வழியை முன்னாலேயே மாற்றுங்கள்

காம சோதனையைப் பற்றி வேதம் பேசும்போது "எதிர்த்து நில்" என்று சொல்லவில்லை, "விலகியோடுங்கள்" என்றுதான் சொல்கிறது (1 கொரிந்தியர் 6:18). யோசேப்பு, தன்மேல் ஆசைவைத்த எஜமானின் மனைவி கையில் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான் (ஆதியாகமம் 39). ஆனால் அதற்கு இரண்டு வசனம் முன்னாலேயே, அவள் நித்தம் நித்தம் பேசினபோது சம்மதியாமல் இருந்தான் என்று எழுதியிருக்கிறது. கடைசி நாளில் ஓடுவதற்கான கால் அந்த முந்தின நாட்களில்தான் பழகியது. எவாக்ரியுஸும் அப்படித்தான். கான்ஸ்டான்டினோபிளில் பெயர்பெற்ற டீக்கனாக இருந்தபோது, திருமணமான ஒரு பெண்மேல் மனம் போயிற்று. ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்.

நீங்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. நோட்டைப் பார்த்து இரண்டு, அதிகம் போனால் மூன்று ஏற்பாடுகளைச் செய்யுங்கள். மொபைல் என்றால், இரவு பத்து மணிக்கு ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு அறைக்குப் போங்கள். அலாரத்துக்கு மொபைல் வேண்டும் என்பது சாக்கு, ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். குடி என்றால், வேலை முடிந்து வரும்போது டாஸ்மாக் இருக்கும் தெருவைத் தவிர்த்து வேறு வழியில் வாருங்கள், பத்து நிமிஷம் அதிகமானால் ஆகட்டும். சம்பள நாள்தான் கண்டம் என்றால், அன்று பணம் மனைவியின் கணக்குக்கோ அம்மாவின் கணக்குக்கோ போகும்படி செய்துவிடுங்கள். ஆன்லைன் ரம்மி என்றால் ஆப்பை அழிப்பது மட்டும் போதாது, யுபிஐ தினசரி வரம்பையும் குறைக்க வேண்டும். புறங்கூறுதல் என்றால், மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் மேஜையை மாற்றுங்கள்.

இதெல்லாம் விசுவாசக் குறைவு என்று சிலர் சொல்வார்கள். வலதுகண் இடறலுண்டாக்கினால் பிடுங்கிப்போடு என்று சொன்னவர் இயேசு. அலாரம் கடிகாரம் அதைவிட மலிவு.

வசனம் வாயில் இருக்கட்டும்

வனாந்தரத்தில் இயேசு மூன்று தடவையும் "எழுதியிருக்கிறது" என்று பதில் சொன்னார். மூன்று பதிலும் உபாகமம் 6, 8 ஆகிய இரண்டே அதிகாரங்களிலிருந்து வந்தவை. நாற்பது நாள் பட்டினி கிடந்த உடம்போடு, தோல்சுருள் எதையும் பிரித்துப் பார்க்காமல் சொன்ன பதில்கள். எவாக்ரியுஸ் இந்த வழியைப் பிடித்துக்கொண்டு, எட்டு எண்ணங்களுக்கும் பதில் சொல்ல வேதத்திலிருந்து கிட்டத்தட்ட 500 வாக்கியங்களைத் தொகுத்து வைத்தார். நம்மூரிலும் இதற்கு வேர் உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கையில் மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் மக்களைக் கூட்டி, விசுவாசப்பிரமாணத்தையும் கர்த்தரின் ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்.

உங்களுக்கு 500 வேண்டாம். நோட்டில் தெரிந்த சோதனைக்கு ஏற்ற ஒரு வசனம், அதோடு பொதுவாக ஒன்று. கண்களுக்கு யோபு 31:1. கோபத்துக்கு "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" (எபேசியர் 4:26). பணத்துக்கு எபிரெயர் 13:5. நாக்குக்கு "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்" (சங்கீதம் 141:3). இந்தக் கடைசி வசனத்தைக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், பாதிச் சண்டை குறையும்.

மனப்பாடம் செய்வதற்குப் பழைய மொழிபெயர்ப்பு நல்லது, அதன் ஓசை நாக்கில் ஒட்டிக்கொள்ளும். படித்துப் புரிந்துகொள்ள 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு புதியவர்களுக்குச் சுலபம். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். வசனத்தை மந்திரம் மாதிரி நூறு தடவை சொல்ல வேண்டாம். வாய்விட்டு ஒரு தடவை, அர்த்தத்தை நினைத்து, ஆண்டவரிடம் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

அந்த நிமிஷம்

இதற்கு நீளமான விளக்கம் தேவையில்லை. எழுந்து நில்லுங்கள். இருக்கிற இடத்தைவிட்டு வெளியே வாருங்கள், மொட்டைமாடியோ தெருவோ. வசனத்தைச் சொல்லுங்கள். சோதனையோடு வாதாடாதீர்கள். ஏவாள் விழுந்தது சர்ப்பத்தோடு பேச்சுக்கொடுத்ததில்தான். சோதனையோடுகூட "அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும்" தேவன் உண்டாக்குவார் என்கிறது 1 கொரிந்தியர் 10:13. அந்தப் போக்கு பல சமயம் ரொம்பச் சாதாரணமாக இருக்கும்: சரியாக அந்த நேரத்தில் அம்மா கூப்பிடுவது, கரண்ட் போவது, நண்பன் போன் பண்ணுவது. எரிச்சல்படாமல் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காலியான வீட்டில் யாராவது குடியேறுவார்கள்

மத்தேயு 12-இல் இயேசு ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறார். அசுத்த ஆவி போய்விட்டது, வீடு பெருக்கி ஜோடித்துக் கிடக்கிறது, ஆனால் உள்ளே யாரும் இல்லை. போன ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. கெட்ட பழக்கத்தை விட்ட கையோடு அந்த நேரத்தை நிரப்பாதவர்களுக்கு இதுதான் நடக்கிறது.

தனிஜெபத்துக்குப் பதினைந்து நிமிஷத்தில் தொடங்குங்கள். சாட்சி கேட்ட வேகத்தில் நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிக்கப் போகிறேன் என்று கிளம்பினால் பத்து நாள் தாங்காது. இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்பது உண்மை (மாற்கு 1:35). அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து எழவில்லை என்பதும் உண்மை. உங்கள் வேலைக்கு எந்த நேரம் ஒத்துவருமோ அந்த நேரம். ஆனால் தினமும் அதே நேரம், அதே இடம், மொபைல் இல்லாமல்.

வாசிப்பை ஆதியாகமத்தில் தொடங்காதீர்கள். ஆர்வமாகத் தொடங்கி லேவியராகமத்தில் மாட்டிக்கொண்டு நிறுத்தியவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். மாற்கு சுவிசேஷத்துக்கு 16 அதிகாரம்தான். ஒரு நாளுக்கு ஒன்று. அப்புறம் யாக்கோபு, அப்புறம் லூக்கா. நீதிமொழிகளுக்கு 31 அதிகாரம் இருப்பதால், அன்றைய தேதிக்குரிய அதிகாரத்தை மாலையில் படிக்கலாம். என்ன ஜெபிப்பது என்று தெரியாத நாளில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கி, ஒவ்வொரு வரியிலும் நின்று நிதானமாகச் சொல்லுங்கள். "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்ற வரி வரும்போது, அன்று மாலை ஆறு மணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூபில் பிரசங்கம் கேட்பது நல்லது, ஆனால் அது ஜெபம் ஆகாது. அதை முடித்த கையோடு அடுத்த வீடியோ என்னவாக இருக்கும் என்பதும் நம் கையில் இல்லை.

ராத்திரி படுக்கும்முன் ஐந்து நிமிஷம், இயேசு சபையைத் தொடங்கின இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த முறை ஒன்று உண்டு. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் தாராளமாகப் பின்பற்றலாம். அன்றைக்குக் கிடைத்த நன்மைகளுக்கு நன்றி. உள்ளதை உள்ளபடி பார்க்க வெளிச்சம் கேட்பது. விடிந்ததிலிருந்து மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது. தவறுக்கு மன்னிப்பு. நாளைக்கு ஒரு தீர்மானம். முதலில் நன்றி என்ற இடத்தை மாற்றாதீர்கள். குற்றத்தில் தொடங்கினால் அது குற்றத்திலேயே முடிந்துவிடும்.

ஒரே ஒரு ஆளிடம் சொல்லிவையுங்கள்

பலர் தவிர்க்கும் கட்டம் இதுதான். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்கிறார் யாக்கோபு (5:16). ரகசியமாக இருக்கும் வரைதான் சத்துருவுக்குப் பலம், தகுந்த ஒருவரிடம் வாய்திறந்து சொல்லிவிட்டால் அவன் சூழ்ச்சி குலைந்துபோகும் என்று இஞ்ஞாசியாரும் எழுதியிருக்கிறார்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். உங்கள் பாலினத்தவராக, உங்களைவிட மூத்தவராக, அதிர்ச்சியடையாமல் கேட்கக்கூடியவராக இருக்க வேண்டும். போதகராகவும் இருக்கலாம். முக்கியமாக, நீங்கள் சொன்னதை வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் "ஒரு தம்பிக்காகப் பாரத்தோடு ஜெபிப்போம்" என்று அவிழ்த்துவிடுகிறவராக இருக்கக் கூடாது. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நடக்கும் புறங்கூறுதல் எத்தனையோ பேரைச் சபையைவிட்டுத் துரத்தியிருக்கிறது. முதலில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள், அது அவரோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். கத்தோலிக்கர்களுக்கு, குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. குருவானவர் அதை வெளியே சொல்லவே கூடாது என்பது திருச்சபைச் சட்டம்.

பேச்சு நீளமாக இருக்க வேண்டியதில்லை.

"அண்ணே, இன்னைக்கு ஆபீஸ்ல மனசு உடைஞ்சுபோச்சு. ராத்திரி கஷ்டமா இருக்கும்போலத் தெரியுது."

"சரி தம்பி. சாப்பிட்டியா?"

"இல்லண்ணே."

"முதல்ல சாப்பிடு, அம்மாகூட உக்காந்து சாப்பிடு. போனை ஹால்ல வச்சிட்டியான்னு பத்து மணிக்குக் கேப்பேன்."

ஆறு மணிக்கு அனுப்பும் இந்தச் செய்தி, பன்னிரண்டு மணிக்கு மேல் அனுப்பும் மன்னிப்புச் செய்தியைவிட எழுதச் சுலபம்.

உபவாசம்

வயிற்றுக்கு "இல்லை" என்று சொல்லிப் பழகினவன் மற்ற ஆசைகளுக்கும் அப்படிச் சொல்லக் கற்றுக்கொள்வான். ஒரு வேளைச் சாப்பாட்டை விடுவதில் தொடங்குங்கள், அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுங்கள், மிச்சமான காசைப் பசித்த ஒருவருக்குக் கொடுங்கள். ஏசாயா 58 சொல்லும் உபவாசத்தில் பசியுள்ளவனுக்கு ஆகாரம் பகிர்ந்துகொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, ஞாயிறுகளைக் கழித்து 40 நாள் வரும் லெந்து காலம் பழகுவதற்கு நல்ல சமயம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால்கொடுக்கும் தாய்மார் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டை விடக் கூடாது. அவர்கள் சீரியலையோ மொபைலையோ விடலாம். உபவாசம் இருப்பதை ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

பக்தி வந்தபின் வரும் சோதனைகள்

பழைய பழக்கம் அடங்கினபின் வேறு இரண்டு வரும். ஒன்று சலிப்பு. எவாக்ரியுஸ் அதை அப்படியே படம்பிடித்திருக்கிறார்: நண்பகலில் சூரியன் நகராததுபோலவே இருக்கும், துறவி ஜன்னலை ஜன்னலைப் பார்ப்பான், சாப்பாட்டு நேரம் வந்ததா என்று எட்டிப்பார்ப்பான், இந்த இடமே வேண்டாம், வேறு எங்காவது போனால் நன்றாக ஜெபிக்கலாம் என்று தோன்றும். இன்றைக்கு அது "இந்தச் சபையில் அபிஷேகம் இல்லை" என்று சொல்லி, ஆறு மாதத்துக்கு ஒரு சபை மாறுவதாக வரும். மருந்து, இருக்கிற இடத்தில் இருந்துகொண்டு அன்றைய பதினைந்து நிமிஷத்தை முடிப்பது.

இரண்டாவது பெருமை. இது வந்திருக்கிறதா என்று வீட்டில் கேட்டால் தெரியும். முதல் தலைமுறை விசுவாசிகள் பலர் அப்பா அம்மாவின் சாமி படத்தைக் குறைசொல்லி, பண்டிகைச் சாப்பாட்டில் சண்டைபோட்டு, அதையே வைராக்கியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு மனச்சாட்சி இடங்கொடுக்காததைப் பணிவாக வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொடுக்காத, கேஸ் சிலிண்டரை மாற்றிவைக்காத மகனுடைய வைராக்கியத்தை எந்த அம்மாவும் நம்ப மாட்டாள்.

விழுந்துவிட்டால்

எவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்" (நீதிமொழிகள் 24:16). ஒரு தடவை விழுந்ததும் "போனது போச்சு, திங்கட்கிழமையிலிருந்து புதுசா ஆரம்பிக்கலாம்" என்று தோன்றும். முதல் விழுகையைவிட இந்த எண்ணம் ஆபத்தானது. அன்றே, அங்கேயே, 1 யோவான் 1:9-ஐப் பிடித்துக்கொண்டு அறிக்கையிடுங்கள். அந்த ஒரு ஆளிடம் சொல்லுங்கள். நோட்டில் புள்ளி வைத்து, எந்தக் கதவு திறந்துகிடந்தது என்று பாருங்கள். யாருக்காவது நஷ்டம் உண்டாக்கியிருந்தால் திருப்பிக்கொடுங்கள். சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். எடுத்த பணத்தையாவது நாம் திரும்ப வைக்க வேண்டும்.

சில காரியங்களுக்கு ஜெபத்தோடு மருத்துவமும் வேண்டும். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனைக்கோ போதைமீட்பு மையத்துக்கோ போய், மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துங்கள். குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. அதேபோல, வேண்டாத தூஷண எண்ணங்கள் நாள்முழுக்க விடாமல் வந்து, எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டாலும் மனம் ஆறாமல் தவித்தால், அது மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோயாக இருக்கலாம். அங்கே போவதை அவிசுவாசம் என்று சொல்கிறவரிடம் ஆலோசனை கேட்பதை நிறுத்திவிடுங்கள்.

விழுந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் கோயிலுக்குப் போகக் கூச்சமாக இருக்கும். அந்த வாரம் அவசியம் போங்கள். பின்வரிசையில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, பொதுப் பாவ அறிக்கையில் வாயைத் திறந்து சேர்ந்து சொல்லுங்கள். ஆராதனை முடிந்ததும் நழுவிவிடாமல் அந்த அண்ணனிடமோ அக்காவிடமோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.